மூன்று ஷிப்ட், 75 விழுக்காடு வருகை: யாருக்கான கால அட்டவணை?

கல்லூரியில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் விடுதியைக் காட்டுவோம், நேர்காணல் அறையைக் காட்டுவோம், மாணவர்கள் கையில் கட்டியிருக்கும் கயிற்றைக் காட்டுவோம். நீதிபதி சந்துரு குழு அறிக்கை வந்த பிறகு கயிற்றைப் பற்றியாவது கொஞ்சம் பேச்சு நடக்கிறது. கால அட்டவணையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சுவர்க் கடிகாரம் மாதிரி, எல்லோருக்கும் ஒரே மணி காட்டுகிறது என்று நம் தோழர்களே நம்புகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65 முதல் 74 வரை இருந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். 65க்குக் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான். நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இதுதான் நடைமுறை.

இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிற ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ஏ ஷிப்ட் காலை ஆறு முதல் இரண்டு. பி ஷிப்ட் இரண்டு முதல் இரவு பத்து. சி ஷிப்ட் இரவு பத்து முதல் காலை ஆறு. காலை எட்டரைக்குத் தொடங்கும் கல்லூரியில் அவன் சேர்ந்திருக்கிறான். பி ஷிப்ட் வாரத்தில் வகுப்பு முடிந்ததும் ஓடினால் வேலைக்குப் போய்விடலாம். சி ஷிப்ட் வாரத்தில் விடிய விடிய மெஷின் முன்னால் நின்றுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, கண் எரிய எரிய வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுவான். ஏ ஷிப்ட் வாரத்தில் மட்டும் எதுவும் செய்ய முடியாது. ஆக மூன்றில் ஒரு வாரம் போச்சு. 90 நாளில் 30 நாள் கழிந்தால் 60 நாள். மற்ற இரண்டு வாரமும் ஒரு நாள்கூட விடாமல், ஒழுங்காகத் தூங்காமல் வந்தாலும் அவனுடைய வருகை 66.7 விழுக்காடு. அதாவது கண்டோனேஷன். இரண்டு நாள் காய்ச்சல் வந்து படுத்தால் 58 நாள், 64.4 விழுக்காடு. தேர்வு கிடையாது.

இந்தப் பையன் சோம்பேறியா? கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போனவனா? அந்த வகுப்பிலேயே அதிகம் உழைத்தவன் அவன்தான். ஆனால் பதிவேட்டில் அவனுக்கும் ஊர் சுற்றியவனுக்கும் ஒரே 'ஏ' தான் விழுகிறது.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது வேறோர் இடத்தில். வராத நாளை வந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள கல்லூரியில் வழி இல்லாமல் இல்லை. என்சிசி முகாமுக்குப் போனால் 'ஓடி' உண்டு. விளையாட்டுப் போட்டிக்கு உண்டு. இன்னொரு கல்லூரியில் சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் என்றால் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்கலாம். நடனமாடப் போனவனுக்குக் கட்டம் இருக்கிற அந்தப் படிவத்தில், அம்மாவின் மருந்துச் செலவுக்காக வேலைக்குப் போனவனுக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் அவன் என்ன செய்கிறான்? ஏதோ ஒரு கிளினிக்கில் காசு கொடுத்து மஞ்சள் காமாலை வந்ததாகச் சான்றிதழ் வாங்கி வருகிறான். உழைத்ததைச் சொன்னால் தண்டனை, நோய் என்று பொய் சொன்னால் மன்னிப்பு. அந்த மன்னிப்புக்கும் ரசீது போட்டுக் காசு வாங்குகிறார்கள்.

"படிக்கிற வயதில் எதற்கு வேலை, ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு பேராசிரியர் என்னிடமே சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டு ஒரு பிள்ளை ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் அந்த மூன்று ஆண்டுச் சோற்றை யாரோ முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும். நிலம் வைத்திருந்தவர் வீட்டில் அது இருக்கிறது. மூன்று தலைமுறையாக அரசு உத்தியோகம் பார்த்த வீட்டில் இருக்கிறது. நிலத்துக்கே உரிமை இல்லை என்று விலக்கி வைக்கப்பட்டவர் வீட்டில் எங்கிருந்து வரும்? நான் வார இறுதியில் பாடம் சொல்லித் தருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சேரிகளிலும், நகரத்துக்குள் இருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் இருந்து வருகிறவர்கள். அவர்களில் வேலைக்குப் போகாத பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண் பிள்ளைகள் வேலைக்கும் போகிறார்கள், வீட்டில் சமைத்துவிட்டும் போகிறார்கள். ஓய்வான நேரமும் இந்த நாட்டில் சொத்து மாதிரிதான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. 75 விழுக்காடு என்ற விதி அந்தச் சொத்து எல்லோருக்கும் சமமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டது.

படிப்பு நேரத்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமே ஒரு கால அட்டவணைதானே. கிராமத் தொடக்கப் பள்ளியில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். பாதிப் பிள்ளைகளுக்குக் காலையில், மீதிப் பிள்ளைகளுக்கு மதியம். மிச்சப் பொழுதில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், மணியை மட்டும் மாற்றியே வருணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று அவர் காட்டினார். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் அவர் பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்த வெற்றியின் நினைவு நமக்குள் இன்னொரு பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. "வேலையும் படிப்பும்" என்று யாராவது சொன்னாலே குலக்கல்வி என்று பாய்கிறோம். அன்று ஆறு வயதுக் குழந்தையின் நேரத்தைப் பிடுங்கி அப்பன் தொழிலுக்கு அனுப்பினார்கள். இன்று நான் பேசுவது, அப்பன் தொழிலில் இருந்து தப்பிக்கப் படிக்க வருகிற இருபது வயது ஆளைப் பற்றி. அவன் வேலையை விட முடியாது, படிப்பையும் விட மாட்டேன் என்கிறான். அவனுக்கு வகுப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வகுப்பை அவன் வர முடிகிற நேரத்தில் வை என்கிறேன். 1855இலேயே புலே இணையர் உழவர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். அம்பேத்கர் தம் மக்கள் கல்விக் கழகத்தின் மூலம் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று அதிகாலை வகுப்புகள் வைத்தார். படிப்பின் நேரம் யாருக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்பதில் நம் முன்னோர்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

வகுப்பு நேரம் புனிதமானது, அதில் கை வைத்தால் தரம் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அது எல்லோருக்கும் புனிதமாக இருக்கிறதா? சென்னை ஐஐடியில் எக்சிகியூட்டிவ் எம்பிஏ வகுப்புகள் வார இறுதியில் நடக்கின்றன. மேனேஜர்களின் வார நாளைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். அங்கே தரம் குறைந்துவிட்டதாக யாரும் புலம்பக் காணோம். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.இ. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக மாலையில் நடக்கிறது. 2023இல் ஏஐசிடிஇ இன்னும் ஒரு படி போய், வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் டிப்ளமோ, பொறியியல் வகுப்புகளை நடத்திக்கொள்ளலாம் என்று கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. தொழிற்சாலைக்குத் திறமையான ஆள் தேவை என்றால் மணி முள் வளைகிறது. அதே தொழிலாளி பி.ஏ. வரலாறு படிக்கிறேன், பொருளாதாரம் படிக்கிறேன், தமிழ் படிக்கிறேன் என்றால் முள் நிமிர்ந்துகொள்கிறது. இன்னொரு பக்கம், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையதளத்தில் படித்துக் கிரெடிட் வாங்கலாம் என்று 2021இல் யூஜிசி விதி செய்தது. ஆசிரியரே அறையில் இல்லாத படிப்புக்குக் கிரெடிட் உண்டு. ஏ ஷிப்ட் வாரத்தில் வராதவனுக்குத் தேர்வு இல்லை.

சட்டப் படிப்பைப் பாருங்கள். நமக்கு அது மற்ற படிப்புகளைப் போல ஒன்று அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு எஃப்ஐஆர் போட வைக்கவே ஊருக்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் வாரம் 30 மணி நேரம் வகுப்பு, ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை, வகுப்புகள் காலை 8 முதல் மாலை 7 மணிக்குள் என்று கட்டிப் போட்டுவிட்டன. வேலை முடிந்து வருகிறவனுக்கான கதவு அதோடு சாத்தப்பட்டது. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியை 2018இல் பிரித்து, ஒரு பாதியைப் புதுப்பாக்கத்துக்கும் மறு பாதியைத் திருவள்ளூரைத் தாண்டிப் பட்டறைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். மாணவர்கள் போராடினார்கள், யாரும் கேட்கவில்லை. பாரிமுனையில் இருந்தபோது வகுப்பு முடிந்து எங்காவது கணக்கு எழுதப் போகலாம், ஒரு சீனியரிடம் கிளார்க்காக நிற்கலாம். பட்டறைப்பெரும்புதூரில் வகுப்பு முடிந்தால் வீட்டுக்குப் போகும் பேருந்துக்குத்தான் நிற்க வேண்டும். வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்ட ஒரு சட்ட மாணவர் 2016இல் தற்கொலை செய்துகொண்டதை ஒட்டிய வழக்கில், வருகைக் குறைவைக் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்வு எழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் சொன்னது. ஓர் உயிர் போய் ஒன்பது ஆண்டு கழித்து.

ஆய்வுப் படிப்பும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டின் யூஜிசி விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் வேலை கொடுப்பவரிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்: இவர் படிக்கலாம், ஆய்வுக்குப் போதுமான நேரம் இவருக்கு இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க் முடிக்க விடுவிப்போம் என்று. நல்ல விதிதான், அரசு ஊழியருக்கு. ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சான்றைக் கேட்டேன். "உனக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரே கிடையாது, என்ஓசி எதுக்கு?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அவர் சொன்னது உண்மைதான். வேலையை விட்டுவிட்டு முழுநேரத்தில் சேர்ந்தேன். ஆதிதிராவிடர் நலத்துறை தரும் ஆய்வு ஊக்கத்தொகையின் பெயரிலேயே 'முழுநேர' என்ற சொல் இருக்கிறது. பகுதிநேரமாகப் படிக்க வேண்டிய நிலையில் இருப்பவனுக்குத்தான் பணம் அதிகம் தேவை என்பது விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

"தொலைநிலைக் கல்வி இருக்கிறதே, அதில் சேர வேண்டியதுதானே" என்பார்கள். ரெகுலர் பட்டமும் தொலைநிலைப் பட்டமும் சமம் என்று யூஜிசி 2022 செப்டம்பரில் மறுபடியும் சொன்னது. காகிதத்தில் சமம். ஆனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் தொலைநிலையில் படிப்பவர்களுக்கு இல்லை. விடுதி இல்லை. நூலகத்தில் உட்கார இடம் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் தொடர்பு வகுப்பும், தபாலில் வரும் புத்தகமும்தான் படிப்பு. வீட்டில் ஆங்கிலம் தெரிந்த அண்ணன் இருந்தால் அந்தப் புத்தகம் போதும். வீட்டிலேயே முதல் பட்டதாரியாக வரப் போகிறவளுக்குப் போதாது.

இங்கேதான் வருகைப் பதிவையே ஒழிக்கச் சொல்லும் தோழர்களிடம் இருந்து நான் விலகுகிறேன். 2017 டிசம்பரில் ஜேஎன்யூவில் கட்டாய வருகை கொண்டுவந்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். அது நியாயமான போராட்டம். ஆனால் அதை அப்படியே அம்பத்தூருக்கு எடுத்துவர முடியாது. நம் பிள்ளைகளுக்கு வகுப்பு வேண்டும். கரும்பலகை வேண்டும், கேள்வி கேட்க ஆசிரியர் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்று யூஜிசி சொல்கிறது என்றால் அந்த 15 மணி நேரம் மாணவருக்குக் கல்லூரி பட்டிருக்கிற கடன் என்றுதான் நான் வாசிக்கிறேன். கல்லூரி அந்தக் கடனைத் தீர்த்ததா என்று யார் பார்க்கிறார்கள்? எத்தனை அரசுக் கல்லூரிகளில் பாதிப் பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019இல் யூஜிசி சொன்னது, இங்கே அதில் பாதிதான். ஆசிரியர் இல்லாமல் போன வகுப்புக்குக் கல்லூரி யாருக்குக் கண்டோனேஷன் கட்டியது?

புதிய கல்விக் கொள்கையின் 'நெகிழ்வு' இந்தச் சிக்கலுக்கு வழி என்று ஏமாறவும் வேண்டாம். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், இரண்டு ஆண்டில் வெளியேறினால் டிப்ளமோ. ஏ ஷிப்டால் தேர்வு மறுக்கப்பட்டு நின்றுபோனவனை இதுவரை இடைநின்றவன் என்றாவது கணக்கில் எழுதினார்கள். இனி 'வெளியேறும் வாய்ப்பைப் பயன்படுத்தியவர்' என்று எழுதிக்கொள்ளலாம்.

வேறு என்ன செய்வது? மறுபடியும் கணக்குதான். தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். கிரெடிட்டுக்கு 15 மணி நேரம் என்றால் 2,100 மணி நேரம். (ஆய்வகம் உள்ள படிப்புகளுக்குக் கணக்கு வேறு. நான் பி.ஏ., பி.காம். பற்றிப் பேசுகிறேன்.) மாலை 6 முதல் 9 வரை, வாரம் ஐந்து நாள் என்றால் வாரம் 15 மணி நேரம். ஆண்டுக்கு 180 வேலை நாள், அதாவது 36 வாரம். நான்கு ஆண்டில் 2,160 மணி நேரம். ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை, 60 மணி நேரம் மிச்சம். மூன்று ஆண்டுப் பட்டத்தை நான்கு ஆண்டில் முடிப்பதற்கு விதி இடம் தருமா என்று கேட்காதீர்கள். விருப்பப்பட்டால் இரண்டு பருவம் வரை நீட்டித்துப் படிக்கலாம் என்ற யோசனை யூஜிசியின் 2024 டிசம்பர் வரைவிலேயே இருந்தது.

இன்று 'மாலைக் கல்லூரி' என்று பலகை மாட்டியிருப்பவை பெரும்பாலும் மதியம் தொடங்கி மாலை ஆறுக்குள் பூட்டுகிறவை. பல இடங்களில் அவை சுயநிதிப் பிரிவுகள், கட்டணம் அதிகம். அதே கட்டடம், அதே பெஞ்ச், நேரத்துக்குத் தனி விலை. எனக்கு வேண்டியது அரசு நடத்தும் மாலைக் கல்லூரி. ரெகுலர் பட்டம், இடஒதுக்கீடு, உதவித்தொகை, முறையாக நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள் எல்லாம் இருக்க வேண்டும். பி ஷிப்ட் வாரத்தில் அவன் எப்படி வருவான் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மாலைக் கல்லூரியில் படிக்கிறவருக்கு மாலை ஷிப்ட் போடக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போட வேண்டும். கம்பெனி படிப்புக்கு அனுமதிக் கடிதம் தர வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தர வேண்டும். ஓவர்டைம் பார்க்கச் சொல்லும்போது மட்டும் அவனைத் தன் தொழிலாளியாகப் பார்க்கிற கம்பெனியால் இது முடியாதா?

கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் மாலை ஐந்துக்கு மேல் காலியாகத்தான் கிடக்கின்றன. இன்றைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளை அரசுக் கலைக் கல்லூரி என்றால் வியாசர்பாடிக்கோ நந்தனத்துக்கோ பொன்னேரிக்கோ திருத்தணிக்கோ போகிறது. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயிலும் கிடையாது, இரண்டு பேருந்து மாறித்தான் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து நடந்து போகிற தூரத்தில் வகுப்பு இருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் படிப்புக்குக் கிடைக்கும்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது, இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு விட்டால் பெண் பிள்ளைகள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். அதே பெண் பிள்ளைகள் இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் பூந்தமல்லிக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கம்பெனி வேன் விடுகிறது. ஒன்பதே காலுக்குக் கல்லூரி வாசலில் இருந்து ஒரு மாநகரப் பேருந்து விட அரசுக்கு என்ன தடை?